குட்டி மோ லான்

ஒரு பெண் பாடும்போது குரல் உடைந்து அழுகை எட்டிப் பார்ப்பதற்கு அந்தக் காலத்துத் தைபேயில் விலை மூவாயிரம் டாலர். அமெரிக்க டாலர் என்று யாரும் வாயைப் பிளக்க வேண்டாம், தைவான் டாலர். வூஃபென்பூ துணிச் சந்தையில் அந்தக் காசுக்கு மொத்த விலையில் ஆறு குளிர்ச் சட்டை வரும், பேரம் பேசத் தெரிந்தவளுக்கு ஏழு. மூச்சு, தொண்டை, பஸ் கட்டணம் எல்லாம் அந்த விலைக்குள் அடக்கம். மதியச் சாப்பாட்டுப் பெட்டி மட்டும் கம்பெனி செலவு. அதிலும் கோழிக்கால் வைத்தது கேட்டால் முகத்தைச் சுளிப்பார்கள்.

ஜியென் யுன்ரூ அந்த விலைக்குத்தான் பாடிக்கொண்டிருந்தாள். அவளைப் பாடகி என்று யாரும் சொல்வதில்லை. பாடகிக்குப் பாடிக் காட்டுகிறவள். எவனோ ஒருவன் மெட்டுப் போடுவான். யுன்ரூ அதைப் பாடிப் பதிவு செய்து கொடுப்பாள். அந்த டெமோவைக் கேட்டு நட்சத்திரத்தின் மனம் இளகினால் பாட்டு விலை போகும். துணிக்கடைக் கண்ணாடிக்குள் சட்டை போட்டுக்கொண்டு நிற்கும் பொம்மையின் பிழைப்பு. சட்டையை வாங்கிக்கொண்டு போவார்கள். பொம்மையின் பெயர் என்ன என்று யாரும் கேட்பதில்லை.

ஆனால் ஏழாம் மாடி அவளுக்கு ஒரு வாக்குக் கொடுத்திருந்தது. ஏழாம் மாடி என்பது ஒரு பாட்டுக் கம்பெனி. அதற்குப் பளபளப்பாக வேறு பெயர் உண்டு, ஆனால் தொழிலில் இருக்கிறவர்கள் மாடியைச் சொல்லித்தான் பேசுவார்கள். அதன் முதலாளி லுவோ, அவள் முதல் டெமோ பாடிய அன்றே தோளில் தட்டிச் சொன்னார்: "கொஞ்ச காலம் இப்படிப் பாடும்மா. தொண்டை பழகட்டும். அப்புறம் உன் பேரு, உன் மொகம் போட்டு ஒரு ஆல்பம்."

அதை அவள் சந்தையில் சட்டைக் கடை வைத்திருந்த அம்மா ஆ-ஷியாவிடம் ஓடிப் போய்ச் சொன்னாள். ஆ-ஷியா சட்டை மடிப்பதை நிறுத்தவில்லை.

"எழுதிக் குடுத்தானா?"

"வாயால சொன்னாரும்மா."

"வாயால சொன்னதத் தராசுல வெக்க முடியுமாடி? சரி சரி, மூஞ்சியத் தூக்காத. அந்த மூட்டையத் தூக்கு."

ஆ-ஷியாவை அந்தச் சந்தையில் தெரியாதவர்கள் இல்லை. தெரிந்தவர்களில் அவளிடம் லாபம் பார்த்தவர்களும் இல்லை. வாங்க வருகிறவன் விலை சொல்லும்போது அவள் காதில் வாங்க மாட்டாள், அவன் காலைத்தான் பார்ப்பாள். கால் வாசல் பக்கம் திரும்பினால் விலையைக் குறைப்பாள். திரும்பாவிட்டால் ஒரு காசு குறையாது.

தெற்கிலிருந்து வியாபாரிகள் வரும் நாள் ஒன்றில் யுன்ரூ மழையில் மூட்டை இறக்கினாள். தைபேயின் குளிர்கால மழை கொட்டாது, விடவும் செய்யாது, கடன்காரனைப் போல வாசலிலேயே நிற்கும். மறுநாள் அவளுக்கு மூக்கு அடைத்துக்கொண்டது. அன்றைக்குத்தான் 'உன் சாவி என்னிடம்' என்ற பாட்டுக்கு டெமோ.

காதலன் போய்விட்டான், அவன் வீட்டுச் சாவி இவளிடம் தங்கிவிட்டது, அவன் பூட்டை மாற்றியிருப்பானோ என்று ஒரு பெண் மருகுகிற பாட்டு. எழுதியவருக்கு மூன்று பிள்ளைகள். காதலுக்கும் அவருக்கும் பிரிவு வந்து வெகு காலம் ஆகியிருந்தது. பல்லவியின் இரண்டாவது வரியில், 'கதவு திறக்குமா' என்கிற இடத்தில், யுன்ரூவால் மூக்கைக் கட்டுப்படுத்த முடியவில்லை. ஒரு சின்ன உறிஞ்சல், அதோடு குரலும் சறுக்கி அடுத்த சுரத்தில் போய் விழுந்தது.

"அண்ணே, மன்னிச்சிருங்க, இன்னொரு தடவ பாடிடறேன்."

பதிவு மேசைக்குப் பின்னால் ஃபான் அண்ணன் உட்கார்ந்திருந்தார். பாட்டுகளைத் தயாரிப்பவர். தங்கக் காதுக்காரர் என்று பெயர், எந்தச் சுரப் பிசகும் அவருக்குத் தப்பாதாம். மேசைமேல், இயந்திரம் சண்டித்தனம் பண்ணாமல் இருக்க, அந்த ஊர் நம்பிக்கைப்படி, பச்சைப் பை நொறுக்குத் தீனி ஒன்று சார்த்தி வைக்கப்பட்டிருந்தது. அவர் கண் அதன்மேல் இல்லை. வாசலில் சாப்பாட்டுப் பெட்டிகள் வந்து இறங்கியிருந்தன.

"விடும்மா. டெமோதானே. யாரு கேக்கப் போறா?"

கேட்டவள் மோ லான்.

ஷாம்பூ விளம்பரத்தில் தலைமுடியைச் சுழற்றிப் பேர் வாங்கி, அந்த வேகத்திலேயே சுழன்று வந்து பாடகியானவள். குரல் மோசம் என்று சொல்ல முடியாது. சுத்தமான குரல், கழுவிக் கவிழ்த்த கிண்ணம் மாதிரி. உள்ளே எதுவும் இருக்காது. அவள் பாடும் முறை தொழிலில் எல்லோருக்கும் தெரிந்தது, வெளியில் யாருக்கும் தெரியாதது. ஒரு காதில் டெமோ ஓடும். அவள் ஒரு வரி கேட்பாள், ஒரு வரி பாடுவாள். டெமோவில் மூச்சு எங்கே விட்டிருக்கிறதோ அங்கே அவளும் விடுவாள்.

'உன் சாவி' பதிவு அன்று யுன்ரூ பின்குரல் பாடக் காத்திருந்தாள். மோ லான் பல்லவியைப் பிசகில்லாமல் பாடி முடித்தாள். ஃபான் அண்ணன் கண்ணை மூடிக்கொண்டு தலையை ஆட்டினார். இல்லை என்கிற ஆட்டல்.

"ரெண்டாவது வரியில டெமோவக் கேளு. அங்க அவ ஒடையறா. ஒரு ஜென்மத்து ஏக்கம் அந்த மூச்சுல இருக்கு. உங்கிட்ட அது வரல."

யுன்ரூவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "அண்ணே, அன்னிக்கு எனக்குச் சளி."

"அதேதான்!" என்றார் ஃபான் அண்ணன். "ஒடம்பும் மனசும் சேந்து ஒடையறது! சளின்னு நீ சொல்ற. கலைன்னு நாங்க சொல்றோம். வா, இவளுக்குச் சொல்லிக் குடு."

நோயாளி வைத்தியருக்கு நோயைக் கற்றுக் கொடுத்தாள். மோ லான் அருமையான மாணவி. முதலில் உறிஞ்சல் பெரிதாகிப் பன்றி உறுமல் போல வந்தது. பிறகு சிறிதாகி யாருக்கும் கேட்காமல் போனது. மாலைக்குள் அச்சு அசலாக வந்துவிட்டது. யுன்ரூ கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று தன் சளி அடுத்தவள் மூக்கிலிருந்து வருவதைக் கேட்டாள்.

"சரியா இருக்கா?" என்று மோ லான் கண்ணாடி வழியாகக் கையால் கேட்டாள். கர்வம் இல்லாத பெண், அதை மறைப்பதற்கில்லை.

"என்னோடதவிட நல்லா இருக்கு அக்கா," என்றாள் யுன்ரூ. அது பொய்யும் இல்லை.

பாட்டு வெளிவந்தது. அதற்கு ஒரு வாரம் முன்னதாகவே மோ லானின் மனதை உடைத்தவன் ஒரு கூடைப்பந்து வீரன் என்று பத்திரிகைகளில் கசிந்தது. கசியவிட்டது ஏழாம் மாடி. அந்த வீரனுக்கு அவனுடைய அம்மா தொலைபேசியில் திட்டியபோதுதான் விஷயம் தெரியும். இப்படி எண்ணெய் தடவி விட்ட பிறகு பாட்டு நிற்குமா? டாக்சியில், பல் வைத்தியரிடத்தில், குப்பை வண்டிக்குக் காத்து நிற்கும் வரிசையில், எங்கும் அதுதான். கரோக்கி அறைகளில் ஆபீஸ் முடிந்து வந்த ஆண்கள் கழுத்துப் பட்டையைத் தளர்த்திக்கொண்டு இரண்டாவது வரியில் ஒருமித்து மூக்கை உறிஞ்சினார்கள். பாட்டு வாத்தியார்கள் அதற்குத் தனி வகுப்பு எடுத்தார்கள். ஒரு விமர்சகர் 'மோ லானின் அந்த ஒற்றை மூச்சில் ஒரு தலைமுறையின் தனிமை குடியிருக்கிறது' என்று எழுதினார்.

சந்தையில் எல்லாக் கடையிலும் அந்தப் பாட்டே ஓடிக்கொண்டிருந்தபோது ஆ-ஷியா சட்டென்று தலையை நிமிர்த்தினாள்.

"ஏண்டி, இது நீ மூட்ட எறக்கின அன்னிக்கு வந்த சளிதானே?"

"ஆமாம்மா."

"அடிப் பாவி. இஞ்சித் தண்ணி வெச்சுக் குடுத்தேன். குடுக்காம இருந்திருந்தா இன்னும் ரெண்டு பாட்டு தேறியிருக்கும்."

சிரித்தார்கள். ஆனால் கடையை அடைத்த பிறகு யுன்ரூ அம்மாவிடம் கேட்டாள்: "அம்மா, இப்பப் போய் ஆல்பம் கேட்டா என்ன? பாட்டு ஓடுது. என் தொண்ட என்னன்னு அவங்களுக்குத் தெரியும்."

"சரக்கு ஓடும்போதுதான் வெல பேசணும். நானும் வரேன்."

லுவோ முதலாளியின் அறையில் நல்ல ஊலாங் டீ ஊற்றினார்கள். யுன்ரூ தனியாகப் பாடிப் பதிந்து வைத்திருந்த மூன்று பாட்டுகளை ஓட விட்டார்கள். சளி இல்லாமல், யாருக்காகவும் இல்லாமல், அவளே அவளுக்காகப் பாடியவை. முதலாளி கடைசி வரை கேட்டார். விரலால் தாளம்கூடப் போட்டார். பிறகு பெருமூச்சு விட்டார்.

"நல்லாத்தான் இருக்கு. ஒரே ஒரு சிக்கல். கேட்டா மோ லான் மாதிரியே இருக்கு."

யுன்ரூ எதிரில் டீ குடித்துக்கொண்டிருந்த ஃபான் அண்ணனைப் பார்த்தாள். ஃபான் அண்ணன் தன் கோப்பைக்குள் பார்த்தார்.

"முதலாளி, மோ லான் அக்கா பாடறது என் டெமோவக் கேட்டு..."

"அது நமக்குத் தெரியும்மா. ஊருக்குத் தெரியுமா? ஊரு அந்தக் குரல மோ லான் மூஞ்சியோட சேத்து வாங்கிடுச்சு. இப்ப நீ வந்தா போலின்னுவான்."

ஆ-ஷியாவுக்கு இது புதிதல்ல. கொரியாவிலிருந்து வந்த சட்டையைப் பார்த்து அவளே ஆயிரம் சட்டை தைக்கச் சொல்லியிருக்கிறாள். எந்தக் கடைக் கண்ணாடியில் முதலில் மாட்டினார்களோ அதுதான் அசல். தைத்தவன் யார் என்பது தையற்காரன் பெண்டாட்டிக்கு மட்டுமே ஆகிற கவலை. தன் சரக்கு மேலேயே இந்தச் சட்டம் திரும்பியபோதுதான் அதன் முள் அவளுக்குக் குத்தியது.

"அப்போ என்னதான் பண்ணலாங்கிறீங்க?"

முதலாளி முன்னால் சாய்ந்தார். அந்தத் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. புதிதாக யார் வந்தாலும், ஏற்கெனவே விலைபோன ஒருத்தியின் பெயருக்கு முன்னால் 'குட்டி' சேர்த்துத் தலையில் கட்டிவிடுவார்கள். வாங்குகிறவனுக்குத் தேடும் சிரமம் மிச்சம்.

"குட்டி மோ லான். போஸ்டர்ல பெருசா அதுதான். உன் பேரு கீழ, சின்னதா. எட்டு வருஷம் ஒப்பந்தம்."

யுன்ரூ கையெழுத்துப் போட மறுத்தாள். லிஃப்டில், பஸ்ஸில், வீட்டில் அரிசி வேகும்வரை மறுத்தாள். "அம்மா, எனக்கு என் பேருல, என் குரல்ல ஒரு ஆல்பம். அவ்வளவுதான் நான் கேட்டது. இது ரெண்டும் இல்ல."

"மொதல்ல கடைக்குள்ள கால வை. பலகைய அப்புறம் மாத்திக்கலாம். நான் வாடகைக்கு வந்தப்போ கடையில செருப்புன்னு எழுதியிருந்துச்சு. சட்டதான் வித்தேன்."

அம்மா சொன்னால் எதிர்த்து நிற்கத் தெரியாத பெண். கையெழுத்துப் போட்டாள்.

குட்டி மோ லானாக ஆனதும் முதல் வேலை, மோ லானின் அழுகையைக் கற்றுக்கொள்வது. யுன்ரூவுக்கு அப்போது சளி இல்லை. வரவழைத்துப் பார்த்தாலும் வரவில்லை. கம்பெனி ஒரு பாட்டு ஆசிரியையை அமர்த்தியது. அவள் கட்டணம் யுன்ரூவின் கணக்கில்.

"மூக்கால பண்றே," என்று ஆசிரியை கோபித்துக்கொண்டாள். "மோ லான் மூக்காலயா பண்றா? அவளுக்கு வயித்துல இருந்து வருது. நீ யாரையாவது நெசமா காதலிச்சிருக்கியா?"

"மூட்ட தூக்கியிருக்கேன் டீச்சர்."

"ஜோக்கடிக்காதே. திரும்பப் பாடு."

ஆல்பம் வந்தது. முன்பு தனிமையைக் கண்டுபிடித்த அதே விமர்சகர் இதையும் கேட்டார். 'மோ லானின் உடைவு காயத்திலிருந்து வருகிறது, குட்டியின் உடைவு மூக்கிலிருந்து' என்று முடித்தார். வாழ்க்கையில் அவர் எழுதிய ஒரே உண்மை அது. எழுதியவருக்குத்தான் தெரியவில்லை.

சட்டை விற்காவிட்டால் சந்தையில் அதைக் கூடையில் கொட்டி நடைபாதையில் வைப்பார்கள். குட்டி மோ லானை வருடக் கடைசி விருந்துகளுக்கு அனுப்பினார்கள். குளிர்காலம் வந்தால் தைவானில் ஒவ்வொரு தொழிற்சாலையும் தொழிலாளிகளுக்கு விருந்து போட்டே தீர வேண்டும். பெரிய கம்பெனி பெரிய மோ லானைக் கூப்பிடும், திருகாணி செய்கிற கம்பெனி குட்டியைக் கூப்பிடும். பத்துப் பேர் வட்ட மேசைகளில் மீன் தலையைப் பிரித்துக்கொண்டிருப்பார்கள். மேடையில் யுன்ரூ காதலன் பூட்டை மாற்றியிருப்பானோ என்று மருகுவாள். பாட்டு நடுவே அறிவிப்பாளர் பரிசுக் குலுக்கல் சீட்டோடு ஓடி வந்து, "முப்பத்தோராம் நம்பர், ஸ்கூட்டர்!" என்று கத்துவார். முப்பத்தோராம் நம்பர் துள்ளிக் குதிக்கும். அப்படியே பாட்டை விட்ட இடத்தில் எடுத்து அழ வேண்டும்.

ஒரு தடவை இரண்டு மோ லான்களுக்கும் ஒரே மேடை அமைந்தது. உடை மாற்றும் அறையில் பெரியவள் குட்டிக்குத் தன் தொண்டை மருந்தை நீட்டினாள். குரலில் ஏதோ மாற்றம். கரகரப்பு.

"அக்காவுக்கு உடம்பு சரியில்லையா?"

"இல்லடி. புது ஆல்பத்துக்கு டெமோ பாடறது வேற பொண்ணு. நீதான் இப்போ நட்சத்திரமாயிட்டியே, நீ இனி டெமோ பாட மாட்டேன்னு கம்பெனியில சொன்னாங்க. அந்தப் பொண்ணு தைதுங்ல இருந்து வந்தவ. டீக்கடையில நின்னு நாள் பூரா டோக்கன் நம்பரக் கத்துறவளாம். தொண்ட கட்டிக்கிட்டே இருக்கும். எனக்கும் அப்படியே வருது." மோ லான் கண்ணாடியில் தன் முகத்தைப் பார்த்தாள். "நீ பாடினப்போ பழகிப்போன தெரு மாதிரி இருந்துச்சு. இது எங்க போகுதுன்னே தெரியல. யாரும் முன்னால நடக்காட்டி நான் வீட்டுக்குள்ளயே நின்னுடுவேன்டி."

யுன்ரூவால் அவளை வெறுக்க முடியவில்லை. வெறுத்திருந்தால் சௌகரியமாக இருந்திருக்கும்.

புது ஆல்பம் கரகரப்போடு வெளிவந்தது. ஊர் மூச்சடைத்துப் போனது. அழுகைக்காரி போய்விட்டாள், அனுபவக்காரி வந்துவிட்டாள் என்று பத்திரிகைகள் கூவின. பட்டுப்பூச்சி கூட்டை உடைத்தது என்று நம் விமர்சகர் எழுதினார். கரோக்கி அறைகளில் மூக்குகள் ஓய்வு பெற்றன, தொண்டைகள் வேலைக்கு வந்தன.

குட்டி மோ லான் மட்டும் போன வருடத்துச் சட்டையாகத் தொங்கிக்கொண்டிருந்தாள். அவள் யாருக்குக் குட்டியோ அந்த மோ லான் இப்போது உலகத்திலேயே இல்லை.

லுவோ முதலாளி அவளைக் கூப்பிட்டார். மேசைமேல் ஒரு குறுந்தகடு. "இது பான் ச்சியூ, அந்த டீக்கடைப் பொண்ணோட டெமோ. புது மோ லான் எப்படிப் பாடறாளோ அப்படியே பழகிக்கோ. கரகரன்னு. ரெண்டு மாசத்துல குட்டியையும் புதுசாக்கிடலாம்."

யுன்ரூ குறுந்தகட்டைத் தொடவில்லை. அவள் வாயிலிருந்து வந்த வார்த்தை அவளுக்கே புதிது.

"முடியாது."

"என்னது?"

"முடியாது முதலாளி. எனக்கு என் குரல் வேணும்."

"உன் குரலா? எந்தக் குரல்?" முதலாளி கேலியாகக் கேட்கவில்லை. அவருக்கு உண்மையிலேயே தெரியவில்லை.

அன்று மாலை அவள் கடையில் வந்து உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னாள். ஆ-ஷியா ஒரு சட்டையின் தையலை நகத்தால் தடவிக்கொண்டிருந்தாள்.

"நான் இத்தன வருஷத்துல வாங்கினதுலயே மட்டமான சரக்கு அந்த ஒப்பந்தந்தான்," என்றாள் கடைசியில். "வாங்கினவ நான். நாந்தான் திருப்பிக் குடுக்கணும். நாளைக்கு வா. வாயத் தெறக்காத. நான் அழுதா நீயும் அழு."

மறுநாள் ஏழாம் மாடியில் ஆ-ஷியா அழவில்லை. சிரித்துக்கொண்டே போனாள். முதலாளிக்கு அன்னாசிப் பணியாரப் பெட்டி ஒன்று வாங்கிப் போனாள்.

"முதலாளி, புதுப் பாட்டு கேட்டேன். எங்க சந்தையே கெறங்கிக் கெடக்கு. பழைய மோ லான் எல்லாம் ஒண்ணுமே இல்ல போங்க."

"பாத்தீங்களா!" முதலாளி மலர்ந்தார். "பழசெல்லாம் செத்த சரக்கு அக்கா."

"அதாங் கேக்கறேன். எம் பொண்ணும் செத்த சரக்குதானே? உங்க கடையில எடத்த அடச்சுக்கிட்டு எதுக்கு? விட்டுடுங்க. விருந்துல பாடின பாக்கியெல்லாம் நீங்களே வெச்சுக்கோங்க."

முதலாளியின் கால் மேசைக்கடியில் வாசல் பக்கம் திரும்பியதை ஆ-ஷியா பார்த்தாள். அவருக்கும் இந்தச் சுமையை இறக்கிவிட ஆசைதான். ஆனால் வியாபாரி சும்மா இறக்குவானா?

"விடறேன். ஆனா ஒரு நிபந்தன. அஞ்சு வருஷத்துக்கு அவ மோ லான் பாணியில பாடக் கூடாது. எழுத்துல வேணும்."

யுன்ரூவுக்கு அதன் பொருள் உடனே புரிந்தது. தன் தொண்டைக்கே தன்னை வாடகைக்காரியாக்கி, அதிலும் காலி செய்யச் சொல்கிறார்கள். அவள் வாயைத் திறக்கப் போனாள். அம்மாவின் செருப்பு அவள் காலை மிதித்தது.

"நியாயந்தானே," என்றாள் ஆ-ஷியா. "எழுதுங்க. ஆனா முதலாளி, ஒண்ணு சொல்லட்டுமா? நான் படிக்காதவ. 'மோ லான் பாணி'ன்னு மொட்டையா எழுதினா நாளைக்கு எவனாவது பத்திரிகைக்காரன் பாத்து என்ன எழுதுவான்? பழைய மூக்குறிஞ்சலத்தான் கம்பெனி இன்னும் பொத்திப் பொத்தி வெச்சிருக்கு, புதுசு மேல அவங்களுக்கே நம்பிக்க இல்லன்னு எழுதுவான்."

முதலாளிக்கு முகம் கறுத்தது. "எவன் சொல்றது? புதுசுதான் மோ லான்!"

"அதத்தான் நானுஞ் சொல்றேன். அதையே எழுதிட்டாப் போச்சு. கெத்தா இருக்கும்."

முதலாளி பேனாவை எடுத்துத் தானே எழுதினார்: 'மோ லானின் தற்போதைய பாணி, அதாவது புதிய ஆல்பத்தில் உள்ள பாணி.' கீழே தேதியும் போட்டார். ஃபான் அண்ணன் எதிரில் உட்கார்ந்திருந்தார். தங்கக் காதுக்காரர். அவருக்கு அந்த வரி என்ன செய்கிறது என்று புரிந்துவிட்டது, பேனா நின்றதும் அவர் தலை நிமிர்ந்த வேகத்தில் அது தெரிந்தது. யுன்ரூவை ஒரு கணம் பார்த்தார். பிறகு பணியாரப் பெட்டியைத் திறந்து ஒன்றை எடுத்து வாய் நிறையப் போட்டுக்கொண்டார், பேச முடியாதபடிக்கு. இத்தனை வருடத்தில் அவளுக்கு அவர் செய்த ஒரே உபகாரம்.

முத்திரை விழுந்தது. வெளியே தாழ்வாரத்துக்கு வந்ததும் ஆ-ஷியா சுவரில் சாய்ந்து ஒரு மூச்சு விட்டாள்.

"புரிஞ்சுதாடி? உன் தொண்ட உங்கிட்ட. நீ பாடக் கூடாதுன்னு அவன் மோ லான் பேருல எழுதினது அந்த டீக்கடைப் பொண்ணோட தொண்டைய."

யுன்ரூ சிரிக்கத் தொடங்கினாள். அப்போது லிஃப்ட் திறந்து பான் ச்சியூ இறங்கினாள். கழுத்தில் துண்டு, கையில் டெமோ பாடப்போகும் பாட்டுத் தாள். டீக்கடைச் சட்டையை மாற்றக்கூட நேரமில்லாமல் ஓடி வந்திருந்தாள்.

"யுன்ரூ அக்காதானே?" அந்தக் கரகரப்பு நேரில் இன்னும் அழகாக இருந்தது, ஈர மரத்தில் விரல் ஓட்டுவது போல. "உங்க டெமோ எல்லாம் கேட்டுத்தான் நான் பழகினேன். மோ லான் அக்கா புது ஆல்பம் கேட்டீங்களா? மூச்சுக்கு மூச்சு நான் பாடின மாதிரியே பாடியிருக்காங்க. எங்க அம்மா தைதுங்ல தெரு முழுக்கச் சொல்லிட்டு வர்றாங்க. பெருமையா இருக்கு அக்கா."

யுன்ரூ அவள் முகத்தைப் பார்த்தாள். சொல்ல வேண்டியது ஒரு வாக்கியம்தான்: அந்தக் குரல் இனி மோ லானுடையது, நாளைக்கு நீ பாடினால் உன்னைத்தான் போலி என்பார்கள். அறைக்குள் கதவு இன்னும் முழுக்கச் சாத்தவில்லை, முதலாளியின் சிரிப்பு கேட்டது. அவர் காதில் விழுந்தால் இப்போதுதான் முத்திரை விழுந்த காகிதம் கிழியக்கூடும். அம்மா முழங்கையைப் பிடித்து இழுத்தாள்.

"நல்லாப் பாடறே," என்றாள் யுன்ரூ. "தண்ணி நெறைய குடி."

தெருவில் மழை விட்டிருந்தது. பஸ் நிறுத்தத்தில் ஆ-ஷியா வழக்கம்போல் விரல் மடக்கிக் கணக்குப் போட்டாள். போனது விருந்துப் பாக்கியும் ஒரு பணியாரப் பெட்டியும், வந்தது ஒப்பந்தமில்லாத மகள், ஆகவே லாபம் என்று முடித்து, கையைத் தட்டி உதறினாள்.

யுன்ரூ தன் பங்குக்கு மனதுக்குள் ஒரு கணக்கு எழுதினாள். வரவு: குரல் ஒன்று, பலர் போட்டுக் கழற்றியது, ஆனாலும் அளவு சரியாக இருக்கிறது. பெயர் ஒன்று, முன்னால் எதுவும் ஒட்டாதது. செலவு: இளமையில் ஒரு நல்ல துண்டு. கொடுக்க வேண்டியது: பான் ச்சியூவுக்கு ஒரு வாக்கியம். பாக்கி.